ட்ரிக்கர் சுடுவதில்லை: போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளுக்குள் நடப்பது என்ன, பழுதுபார்ப்பவர் எதைப் பார்க்கிறார்?

"துடைத்துக்கொண்டிருந்தபோது துப்பாக்கி தவறுதலாக வெடித்தது" என்று அவ்வப்போது பேப்பரில் ஒரு செய்தி வரும். வந்த அன்று டீக்கடையில் இரண்டு கட்சி சேர்ந்துவிடும். "ட்ரிக்கரைத் தொடாமல் எப்படி ஐயா வெடிக்கும், சும்மா கதை" என்பது ஒரு கட்சி. "பழைய துப்பாக்கி, ட்ரிக்கர் லூஸாகியிருக்கும்" என்பது இன்னொன்று. இரண்டு கட்சியும் ஒரே தவறான எண்ணத்தில்தான் நிற்கின்றன. ட்ரிக்கர்தான் தோட்டாவை வெடிக்கவைக்கிறது என்பது அந்த எண்ணம். உண்மையில் ட்ரிக்கர் எதையும் அடிப்பதில்லை. ஏற்கெனவே விசையேறி நிற்கும் ஒன்றை அது விடுவிக்கிறது, அவ்வளவுதான். இது பிடிபட்டால், துப்பாக்கி பழுதுபார்ப்பவர் ஏன் ட்ரிக்கரை விட்டுவிட்டு வேறு எதையோ பூதக்கண்ணாடியில் பார்க்கிறார் என்பதும் பிடிபடும்.

இங்கே பேசப்போவது போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளைப் பற்றி மட்டும். ஒவ்வொரு முறை சுட்டபிறகும் கைப்பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி மூடவேண்டிய வகை அது. போலீஸ்காரர்கள் தோளில் பல பத்தாண்டுகள் தொங்கிய .303 லீ-என்ஃபீல்டு இந்த வகை. என்.சி.சி. முகாமில் பலர் சுட்டுப் பார்த்திருக்கும் .22 ரைஃபிளும் இதே வகைதான். இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்து உரிமம் உள்ளவர்களுக்கு விற்கப்படும் .315 ரைஃபிள், லீ-என்ஃபீல்டின் வழிவந்தது.

எலிப்பொறியிலிருந்து தொடங்கலாம்

நம் வீடுகளில் இருக்கும் மரப்பெட்டி எலிப்பொறியை நினைத்துக்கொள்ளுங்கள். கதவை ஸ்பிரிங்குக்கு எதிராகத் தூக்கி, ஒரு கம்பியில் மாட்டிவிடுகிறோம். உள்ளே கொக்கியில் மசால்வடைத் துண்டு. எலி வடையை லேசாக இழுத்ததும் கம்பி நழுவுகிறது, கதவு படாரென்று விழுகிறது. கதவை மூடிய பலம் எலியினுடையது இல்லை. பொறியை வைத்தபோது நாம் ஸ்பிரிங்கில் ஏற்றிவைத்த பலம் அது.

பொறி சரியாக வேலை செய்யவில்லை என்றால் காரணம் இரண்டு வகையாகத்தான் இருக்கும். ஒன்று, எலி இழுத்தும் கதவு வேகமாக விழவில்லை. ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், கதவு துருப்பிடித்து உரசலாம். மற்றொன்று, எலி வருவதற்கு முன்பே கதவு விழுந்துவிடுகிறது. கம்பி மாட்டும் இடம் தேய்ந்துபோய்ப் பிடிப்பு போதவில்லை என்று அர்த்தம். ரைஃபிள் பழுதுகளும் இந்த இரண்டு வகைக்குள்தான் பெரும்பாலும் வரும். முதல் வகை எரிச்சல் தரும், இரண்டாவது வகை ஆளைக் கொல்லும்.

ரைஃபிளுக்குள் யார் யார்

முதலில் தோட்டா. அது நான்கு பொருள் சேர்ந்தது: பித்தளைக் குப்பி, அதற்குள் வெடிமருந்து, வாயில் செருகிய ஈயக் குண்டு, அடிப்பக்கத்தின் நடுவில் பொட்டு அளவில் ஓர் உலோகக் கிண்ணம். இந்தக் கிண்ணத்தின் பெயர் பிரைமர். பலமாக அடித்து நசுக்கினால் தீப்பொறி விடும் ரசாயனம் அதற்குள் இருக்கிறது. அந்தப் பொறி மருந்தைப் பற்றவைக்க, வரும் வாயு குண்டை வெளியே தள்ளுகிறது.

தோட்டாவுக்குப் பின்னால் கதவு மாதிரி அடைத்து நிற்கும் உருளைதான் போல்ட். அதன் நடுவே நீளத்துக்கும் ஒரு துளை. துளைக்குள் ஃபயரிங் பின் என்ற எஃகுக் கம்பி, அதைச் சுற்றி ஒரு வலுவான ஸ்பிரிங். கம்பியின் பின்முனையில் ஒரு கனமான துண்டு பொருந்தியிருக்கும், காக்கிங் பீஸ் என்பார்கள். லீ-என்ஃபீல்டில் போல்ட்டின் பின்னால் குமிழ் போலவோ தட்டையாகவோ துருத்திக்கொண்டு நிற்பது அதுதான்.

இந்தக் காக்கிங் பீஸைப் பின்னாலேயே பிடித்து நிறுத்துவது சியர். போல்ட்டுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் சின்ன நெம்புகோல் அது. அதன் விளிம்பு காக்கிங் பீஸின் விளிம்போடு மோதி நிற்கிறது. நகத்தின் கனம்கூடத் தேறாத அந்தப் பிடிப்புதான் மொத்த ஸ்பிரிங் பலத்தையும் தாங்குகிறது. ட்ரிக்கரை இழுத்தால் சியர் கீழே இறங்கும், காக்கிங் பீஸ் விடுபடும், ஃபயரிங் பின் பாய்ந்து பிரைமரைக் குத்தும். விடுபட்டதிலிருந்து குத்துவதுவரை ஆகும் நேரம் சில மில்லிசெகண்ட்.

ஸ்பிரிங்கில் விசையை ஏற்றுவது யார் என்றால், உங்கள் கைதான். 1898 மாடல் மௌசர் ரைஃபிளில் கைப்பிடியைத் தூக்கும்போது ஸ்பிரிங் அமுங்குகிறது. லீ-என்ஃபீல்டில் போல்ட்டை முன்னால் தள்ளி மூடும் கடைசி நேரத்தில் அமுங்குகிறது. மூடும்போது கை உணரும் அந்த எதிர்ப்பு பழுது இல்லை. .303-ஐ முதல்முறை கையில் எடுப்பவர்கள் "போல்ட் டைட்டா இருக்கு, ரிப்பேர்" என்பது சகஜம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: கை ஸ்பிரிங்கில் விசை ஏற்றுகிறது, சியர் பிடித்துவைக்கிறது, ட்ரிக்கர் சியரை விடுவிக்கிறது, பின் பிரைமரை அடிக்கிறது. பழுது இந்தச் சங்கிலியில் ஏதோ ஒரு கண்ணியில்தான்.

"டிக்" என்று மட்டும் கேட்டால்

ட்ரிக்கரை இழுத்தோம், உள்ளே பின் பாய்ந்த சத்தம் கேட்டது, வெடிக்கவில்லை. இதற்கு மிஸ்ஃபயர் என்று பெயர். உடனே போல்ட்டைத் திறக்கக் கூடாது. சில சமயம் பிரைமர் தாமதமாகப் பற்றும். அதை ஹேங்ஃபயர் என்பார்கள். போல்ட் திறந்திருக்கும் நேரத்தில் தோட்டா வெடித்தால் குப்பி கிழிந்து முகத்தை நோக்கி வரும். குழாயை இலக்கின் பக்கமே வைத்துக்கொண்டு குறைந்தது 30 விநாடி காத்திருப்பது எல்லாச் சுடுதளங்களிலும் சொல்லித்தரும் பாடம்.

அப்புறம் பழுதுபார்ப்பவரின் முறை. அவர் முதலில் கேட்பது துப்பாக்கியை இல்லை, வெடிக்காத தோட்டாவின் பிரைமரில் விழுந்த தடத்தை. ஆழமான, நடுவில் விழுந்த குழி இருந்தும் வெடிக்கவில்லை என்றால் தோட்டா மேல் சந்தேகம், வேறு பெட்டித் தோட்டாவைப் போட்டுப் பார்ப்பார். குழி ஆழமில்லாமல் லேசாக இருந்தால் அடி பலமாக விழவில்லை. குழி ஓரமாக விழுந்திருந்தால் பின் வளைந்திருக்கலாம், போல்ட் முழுதாக மூடாமலும் இருந்திருக்கலாம்.

அடி பலமில்லாமல் போக மிகச் சாதாரணமான காரணம் அழுக்கு. சோவியத் யூனியன் உடைந்தபிறகு அதன் கிடங்குகளில் கிடந்த மோசின்-நாகாந்த் ரைஃபிள்கள் ஏராளமாக அமெரிக்கச் சந்தைக்கு வந்தன. துருப்பிடிக்காமலிருக்க அவற்றைக் கெட்டியான கிரீஸில் முக்கி வைத்திருந்தார்கள். வாங்கியவர்கள் வெளியே பளபளவென்று துடைத்தார்கள், போல்ட்டின் உள்துளையைத் தொடவில்லை. உள்ளே இறுகிப்போன கிரீஸுக்குள் ஃபயரிங் பின் சேற்றில் ஓடுவதுபோல ஓடியது. "ஸ்பிரிங் போயிடுச்சு" என்று புது ஸ்பிரிங் வாங்கிப் போட்டவர்களும் உண்டு. கழற்றிக் கரைப்பானில் கழுவினாலே தீர்ந்திருக்கும். குளிர் அதிகமான இடத்தில் இது இன்னும் மோசம், எண்ணெயே கூழாகிவிடும். அதனால்தான் போல்ட்டின் உட்பக்கத்துக்கு எண்ணெய் பூசினாலும் மெல்லிய படலமாக மட்டும் பூசச் சொல்வார்கள்.

சுத்தம் செய்தும் சரியாகவில்லை என்றால் ஸ்பிரிங்கை வெளியே எடுத்துப் புது ஸ்பிரிங்கோடு நீளத்தை ஒப்பிடுவார்கள். பல வருடம் அமுங்கியே கிடந்த ஸ்பிரிங் குட்டையாகிவிடும். இழுத்து நீட்டி மறுபடி போடுவது நம் ஊரில் எல்லா ஸ்பிரிங்குக்கும் நடக்கும் வைத்தியம், இங்கே அது எடுபடாது. சில நாளில் பழைய நீளத்துக்கே வந்துவிடும். மாற்றுவதுதான் வழி.

இன்னொரு காரணம் கண்ணில் படாதது: ஹெட்ஸ்பேஸ். மூடிய போல்ட்டின் முகத்துக்கும் தோட்டா உள்ளே ஊன்றி நிற்கும் இடத்துக்கும் நடுவே உள்ள தூரம் அது. தூரம் கூடிப்போனால், பின் அடித்ததும் தோட்டா முன்னால் நகர்ந்து அடியின் வேகத்தை விழுங்கிவிடும். வெடித்தாலும் குப்பி கிழியும் ஆபத்து. லீ-என்ஃபீல்டு நம்பர் 4 ரைஃபிளில் இதைச் சரிசெய்யவே போல்ட்டின் முன்தலையை 0 முதல் 3 வரை எண்ணிட்டு வெவ்வேறு நீளத்தில் செய்தார்கள். ஒரு ரைஃபிளின் போல்ட்டை இன்னொன்றில் மாட்டக் கூடாது என்பதும், ரைஃபிளிலும் அதன் போல்ட்டிலும் ஒரே வரிசை எண் பொறித்திருப்பதும் இதனால்தான்.

முனை எவ்வளவு வெளியே வரவேண்டும்

பின் முழுதாகப் பாய்ந்த நிலையில் அதன் முனை போல்ட்டின் முகத்துக்கு வெளியே எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதை அளப்பார்கள். குறைவாக இருந்தால் பிரைமர் நசுங்காது. அதிகமாக இருந்தால் பிரைமர் ஓட்டையாகி, சூடான வாயு போல்ட்டின் துளை வழியாகப் பின்னோக்கி, சுடுபவர் கண்ணை நோக்கி வரும்.

மோசின்-நாகாந்த் செய்தவர்கள் இதை அளக்கும் வசதியைச் சிப்பாயின் பையிலேயே போட்டுவிட்டார்கள். கூடவே தரப்படும் தட்டையான ஸ்க்ரூ டிரைவரின் விளிம்பில் இரண்டு வெட்டுகள் இருக்கும். ஒன்றில் 75, இன்னொன்றில் 95 என்று எண். அங்குலத்தில் ஆயிரத்தில் 75 பங்கு, 95 பங்கு என்று கணக்கு, அதாவது சுமார் 1.9 மி.மீ., 2.4 மி.மீ. 75 வெட்டைப் போல்ட்டின் முகத்தில் வைத்து நகர்த்தினால் முனை அதில் தட்டவேண்டும். 95 வெட்டு தட்டாமல் கடந்துபோகவேண்டும். படிக்கத் தெரியாதவர்கூட இரண்டு முறை தடவிப் பார்த்துச் சொல்லிவிடலாம். எனக்குத் தெரிந்த பட்டறைக் கருவிகளில் இவ்வளவு எளிமையானது குறைவு.

இந்த ரைஃபிளில் பின், காக்கிங் பீஸில் திருகி மாட்டப்படுகிறது. கழற்றிச் சுத்தம் செய்து மாட்டும்போது ஒரு சுற்று கூடவோ குறையவோ திருகிவிட்டால் முனையின் நீளம் மாறிவிடும். அதற்காகவே இரண்டின் பின்பக்கத்திலும் கோடு பொறித்திருக்கும். கோடுகள் ஒரே நேரில் நிற்கவேண்டும், அளவும் சரியாக இருக்கவேண்டும். நேற்றுவரை நன்றாகச் சுட்ட ரைஃபிள் சுத்தம் செய்த மறுநாள் "டிக்" என்றால் முதலில் பார்க்கவேண்டியது இங்கே.

முனை உடைந்திருந்தால் புது பின் போடுவார்கள். உடைந்ததைக் கூர்சீவக் கூடாது. முனை பென்சில்போல இல்லாமல் அரைவட்டமாக, மழமழப்பாக இருக்கவேண்டும். கூராக இருந்தால் பிரைமரைக் கிழித்துவிடும்.

.22 ரைஃபிளுக்கு மட்டும் ஒரு துணைக்குறிப்பு. அதன் தோட்டாவில் தனி பிரைமர் கிடையாது. அடிப்பக்க விளிம்புக்குள்ளேயே ரசாயனம் இருக்கும், பின் அந்த விளிம்பைத்தான் அடிக்கிறது. தோட்டா இல்லாமல் வெறுமனே ட்ரிக்கரை இழுத்து விளையாடினால் சில ரைஃபிள்களில் பின் நேராகக் குழாயின் பின்பக்க வாய் விளிம்பில் போய் அடித்துப் பள்ளம் போட்டுவிடும்.

விளிம்பு என்னும் ஆபத்து

இனி இரண்டாவது வகைப் பழுது: இழுப்பதற்கு முன்பே விடுபடுவது.

அறிகுறிகள் தெளிவானவை. போல்ட்டை மூடும்போது காக்கிங் பீஸ் பின்னால் நிற்காமல் கூடவே முன்னால் வந்துவிடும். அல்லது நின்றுவிட்டு, துப்பாக்கியின் பின்கட்டையைத் தரையில் தட்டினால் நழுவும். சேஃப்டியை, அதாவது பின் பாயாமல் தடுக்கும் பூட்டை, எடுத்ததும் விடுபடுவதும் உண்டு. மூன்றும் சொல்வது ஒன்றுதான், சியர் முழுதாகப் பிடிக்கவில்லை.

பழுதுபார்ப்பவர் சியரின் விளிம்பையும் காக்கிங் பீஸின் விளிம்பையும் பூதக்கண்ணாடியில் பார்க்கிறார். கூராக, சதுரமாக இருக்கவேண்டிய விளிம்பு பல ஆயிரம் முறை உரசி உருண்டுபோயிருக்கலாம். இரண்டு முகங்களும் சந்திக்கும் கோணமும் முக்கியம். கோணம் சரியாக இருந்தால் ஸ்பிரிங்கின் தள்ளலே சியரை மேலும் உள்ளே இறுக்கும். கோணம் கொஞ்சம் எதிர்ப்பக்கம் சாய்ந்தால் அதே தள்ளல் சியரை வெளியே வழுக்கிவிடப் பார்க்கும். கண்ணுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

வீட்டு வைத்தியம் அதிகமாகச் சேதம் செய்யும் இடம் இதுதான். ட்ரிக்கர் "கரகர" என்கிறது, உப்புத்தாள் போட்டால் வழவழப்பாகும் என்று யாரோ சொல்வார்கள். இந்தப் பாகங்களில் பல, மேல்தோல் மட்டும் கடினமாக்கப்பட்ட எஃகு. அதாவது மேலே மெல்லிய படலம் மிகக் கடினமாக இருக்கும், உள்ளே மென்மையான இரும்பு. படலத்தைத் தேய்த்து எடுத்துவிட்டால் முதல் நாள் வெண்ணெய் மாதிரி இழுபடும். "பார்த்தியா, எப்படி ஆக்கிட்டேன்" என்று காட்டிக்கொள்ளலாம். சில நூறு முறை இழுத்தபிறகு மென்மையான உள்ளிரும்பு உருண்டுபோய், ஒருநாள் போல்ட்டை மூடும்போதே வெடிக்கும். தெரிந்தவர் கல்லில் தீட்டுவது சொரசொரப்பை எடுக்க மட்டும். கோணத்தை மாற்ற மாட்டார். விளிம்பு உருண்டுபோயிருந்தால் தீட்டவே மாட்டார், பாகத்தை மாற்றிவிடுவார்.

ட்ரிக்கரின் எடை என்று சொல்வது அதை விடுவிக்கத் தேவைப்படும் இழுப்பின் அளவை. ட்ரிக்கரில் கொக்கி மாட்டித் தொங்கு தராசால் இழுத்து அளப்பார்கள். லீ-என்ஃபீல்டு நம்பர் 4-இல் இழுப்பு இரண்டு கட்டம். முதல் கட்டம் 3 முதல் 4 பவுண்டு, விடுபடும் இரண்டாம் கட்டம் 5 முதல் 6.5 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 2.3 முதல் 2.9 கிலோ. முதல் கட்டத்தில் விரல் உணரும் தொளதொளப்பை "லூஸ்" என்று நினைத்துச் சரிசெய்யக் கேட்பவர்கள் உண்டு. அது லூஸ் இல்லை. சியர் தன் ஆழமான பிடியிலிருந்து விளிம்புக்கு வரும் பயணம் அது. அதை எடுத்துவிட்டால் ரைஃபிள் எப்போதும் விளிம்பிலேயே நிற்கும்.

லீ-என்ஃபீல்டில் மரமும் ஒரு கதாபாத்திரம். பழைய வகைகளில் ட்ரிக்கர், துப்பாக்கியின் இரும்பு உடலில் தொங்காமல் கீழேயுள்ள ட்ரிக்கர் கார்டு என்ற வளையத்தில் தொங்கியது. நடுவில் மரம். மழைக்காலத்தில் மரம் ஊதும், கோடையில் சுருங்கும், ட்ரிக்கருக்கும் சியருக்கும் உள்ள இடைவெளி மாறிவிடும். எஃகில் ஒரு குறையும் இல்லாமலே இழுப்பு மாறும். 1940களின் இறுதியில் வந்த நம்பர் 4 மார்க் 2-இல் ட்ரிக்கரை இரும்பு உடலிலேயே தொங்கவிட்டு இதைத் தீர்த்தார்கள். பழைய வகை ஒன்று பட்டறைக்கு வந்தால், சியரைத் தொடுவதற்கு முன் திருகுகள் இறுகியிருக்கின்றனவா, மரம் சுருங்கியிருக்கிறதா என்று பார்ப்பது விவரமானவரின் அடையாளம்.

சுருக்கமாக: "டிக்" பழுதுக்குக் காரணம் பெரும்பாலும் அழுக்கு, ஸ்பிரிங், முனை. தானாக விடுபடும் பழுதுக்குக் காரணம் பெரும்பாலும் விளிம்பும் கோணமும்.

ட்ரிக்கரைத் தொடாமல் வெடிக்குமா?

டீக்கடைக் கேள்விக்கு வருவோம். வெடிக்கும் என்று பலர் வழக்குப் போட்ட மாடல் ஒன்று உண்டு. அமெரிக்காவின் ரெமிங்டன் 700, 1962-இல் வந்தது, உலகில் அதிகம் விற்ற வேட்டை ரைஃபிள்களில் ஒன்று. அதன் ட்ரிக்கர் அமைப்பை வடிவமைத்தவர் மைக் வாக்கர் என்ற பொறியாளர். இழுப்பு துல்லியமாக இருக்க, ட்ரிக்கருக்கும் சியருக்கும் நடுவே கனெக்டர் என்ற மெல்லிய தகட்டை வைத்தார். அது ட்ரிக்கரோடு பிணைக்கப்படவில்லை, ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் ஒட்டி நின்றது. ஒவ்வொரு முறை சுடும்போதும் அது விலகித் திரும்ப வரும்.

குற்றச்சாட்டு இதுதான்: விலகும் இடைவெளியில் ஒரு துகள் அழுக்கோ உறைந்த எண்ணெயோ சிக்கினால் கனெக்டர் முழுதாகத் திரும்பாது, சியருக்கு அடியில் தாங்கல் இருக்காது. சேஃப்டி போட்டிருக்கும்வரை சேஃப்டி சியரைத் தாங்கும். சேஃப்டியை எடுத்த நொடியில் சியர் விழும், யாரும் ட்ரிக்கரைத் தொட்டிருக்க மாட்டார்கள். ட்ரிக்கர் நகராதபடி தடுக்கும் ஒரு பாகத்தைச் சேர்க்கலாம் என்று, இதே அமைப்போடு முந்தைய மாடல்கள் வந்த 1948-இலேயே வாக்கர் யோசனை சொன்னதும், துப்பாக்கிக்கு 5.5 சென்ட் செலவாகும் அந்த யோசனையை நிறுவனம் ஏற்காததும் பின்னாளில் ஆவணங்களில் வெளிவந்தன. வடிவமைப்பில் குறை இருப்பதாக நிறுவனம் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் சுமார் 75 லட்சம் துப்பாக்கிகளை உள்ளடக்கிய கூட்டு வழக்கில், ட்ரிக்கரை இலவசமாக மாற்றித்தரும் சமரசத்துக்கு 2017-இல் நீதிமன்றம் ஒப்புதல் தந்தது. வாக்கர் அமைப்புக்குப் பதிலாக 2006-இல் வந்த புது ட்ரிக்கரையும் 2014-இல் திரும்ப அழைக்க வேண்டியிருந்தது. தொழிற்சாலையில் திருகை ஒட்டும் பசை சிலவற்றில் அதிகமாகிவிட்டது என்பது காரணம்.

ஆகவே ட்ரிக்கரைத் தொடாமல் வெடிப்பது நடக்கக்கூடியதுதான். ஆனால் "துடைக்கும்போது வெடித்தது" என்பதற்கு இது முழு மன்னிப்பு ஆகாது. துடைக்க உட்காரும்போது துப்பாக்கிக்குள் தோட்டா இருந்தது என்பது தனிக் குற்றம்.

பழுதுபார்த்தபின்

வேலை முடிந்ததும் தோட்டா போடாமலே சோதனை நடக்கும். விசையேற்றி, போல்ட்டை வேகமாக அடித்து மூடுவார்கள். ரப்பர் சுத்தியலால் பல பக்கமும் தட்டுவார்கள். சேஃப்டியைப் போட்டு ட்ரிக்கரை இழுத்து, விட்டு, சேஃப்டியை எடுப்பார்கள். ஒருமுறைகூடப் பின் பாயக் கூடாது. அதன் பிறகுதான் சுடுதளத்தில், முதலில் ஒரே ஒரு தோட்டாவோடு.

இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி, துப்பாக்கி பழுதுபார்க்கும் தொழிலுக்குத் தனி உரிமம் வேண்டும். வைத்திருக்க உரிமம் இருந்தால் லேத் பட்டறையில் கொடுத்து சியர் கடைந்துகொள்ளலாம் என்று நினைப்பது தவறு, கொடுத்தவரும் கடைந்தவரும் மாட்டிக்கொள்வார்கள். உரிமம் பெற்ற கடைக்குப் போகும்போது உங்கள் ஊகத்தைச் சொல்வதைவிட, அந்த ரைஃபிளில் கடைசியாகச் சுட்ட நாலைந்து வெற்றுக் குப்பிகளைக் கையில் கொண்டுபோங்கள். அவற்றின் பிரைமர் குழிகளைப் பார்த்தே அவர் பாதி வேலையை முடித்துவிடுவார்.